மினி கன்வெர்டிபிள் துணிக்கூரை மாத்தணும்: வடசென்னையில யார்கிட்ட கொடுக்கிறது, என்ன கேட்டுப் பார்க்கிறது?

தண்டையார்பேட்டை_டிரைவ்:

வணக்கம். வண்டி 2013 மினி கூப்பர் எஸ் கன்வெர்டிபிள், ஆர்57ங்கிற மாடல் கோடு. நிக்கிறது தண்டையார்பேட்டையில, மேல ஷீட் போட்டு பக்கமெல்லாம் திறந்த ஷெட். கடல் 1 கி.மீ. தூரம்கூட இல்ல. துணிக்கூரை கம்பெனியிலருந்து வந்த ஒரிஜினல், இதுவரை மாத்தினதில்ல.

இப்போ இருக்கிற கோளாறு: பின் கண்ணாடியோட மேல் விளிம்புல, டிரைவர் பக்க மூலையிலருந்து 15 செ.மீ. நீளத்துக்குத் துணி விட்டுப் பிரிஞ்சிருக்கு. கூரை மடியற இடத்துல, பின்பக்கச் சின்னக் கண்ணாடிக்கு மேல ரெண்டு பக்கமும் பொத்தல். இடப்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவு, வலப்பக்கம் பட்டாணி அளவு. கறுப்புத் துணி சாம்பல் நிறத்துக்கு வந்தாச்சு. மழை பெஞ்சா பின் சீட்டுக்குக் கீழ கார்பெட் ஈரமாகுது. மோட்டார் ஓடுது, கூரை முழுசாத் திறந்து மூடுது, ஆனா மூடும்போது கடைசி ஒரு சாண் தூரத்துல திணறுது.

மூணு இடத்துல விசாரிச்சதுல மூணு விதமான பதில். ஒரு சீட் கவர் கடையில, பழைய துணியை அளவு வெச்சு கேன்வாஸ்ல தச்சுத் தரேன், ரெண்டே நாள்ங்கிறாங்க. இன்னொரு இடத்துல, ரெடிமேட் டாப்பை, அதாவது தச்சு ரெடியா வர்ற கூரைத் துணியை, நீங்களே வெளிநாட்டுலருந்து வரவழைச்சுக் கொடுங்க, மாட்டித் தரோம்ங்கிறாங்க. மூணாவது இடம் ஃப்ரேமோட சேர்த்து மொத்தக் கூரையும் மாத்தணும்னு சொல்றாங்க.

யார் சொல்றது சரி? ஒரு ஆளுக்கு இந்த வேலை தெரியுமா தெரியாதான்னு கொடுக்கிறதுக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சாகணும்.


ஊசிநூல்:

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுப் பாருங்க சார். கூரைத் துணி தைக்கிறது ஒரு தொழில், அதை ஃப்ரேம்ல மாட்டுறது இன்னொரு தொழில். சீட் நல்லாத் தைக்கிற கைக்கு முதல் வேலை வரும். ரெண்டாவது வேலை தானா வந்துடாது. நீங்க தேடுற ஆள் ரெண்டாவது வேலை தெரிஞ்சவர். டாப்பை எந்த மெஷின்ல வேணும்னாலும் தைக்கலாம், கம்பெனியிலருந்தே தச்சது வாங்கலாம். மாட்டுறதுல 5 மி.மீ. தப்பினா மட்டும் துணி எவ்வளவு உசத்தியா இருந்தாலும் வீண்.

ஆளைச் சோதிக்க ஒரே கேள்வி போதும். அந்த ரெண்டு பொத்தலைக் காட்டி, "இது ஏன் வந்தது?"ன்னு கேளுங்க. "துணி பழசு சார், வெயில்ல இத்துப் போச்சு"ன்னு சொன்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. வெயில்ல இத்துப்போற துணி மேல் பரப்பு முழுக்கத்தான் போகும். ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல, அதுவும் மடிப்புக்குப் பக்கத்துல பொத்தல் விழுந்தா அது உராய்வு. கூரை மடியும்போது துணியை உள்பக்கமா இழுத்துக்கிற எலாஸ்டிக் பட்டை ரெண்டு பக்கமும் இருக்கும். அது தளர்ந்துட்டா துணி உள்ள போகாம வெளிய பிதுங்கி, ஃப்ரேமோட கீல் இடுக்குல சிக்கும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கத்தரிக்கோல் வாய்க்குள்ள துணியை வெச்ச மாதிரி அறுபடும். எலாஸ்டிக்கை மாத்தாம புதுத் துணி போட்டா, சில மாசத்துல அதே இடத்துல அதே பொத்தல் வரும். விஷயம் தெரிஞ்சவர் உங்க கேள்விக்கு வாயால பதில் சொல்ல மாட்டார். கூரையைப் பாதி திறக்கச் சொல்லி, உள்ள கை விட்டு எலாஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பார்.

துணி விஷயம். நல்ல கன்வெர்டிபிள் துணி மூணு அடுக்கு. மேல நெசவு, நடுவுல பியூட்டைல் ரப்பர், கீழ பாலிகாட்டன் உள்துணி. தண்ணியைத் தடுக்கிறது நடுவுல இருக்கிற ரப்பர்தான். மேல் நெசவு, நூலிலேயே சாயம் ஏத்தின அக்ரிலிக்கா இருக்கணும், அப்பதான் நம்ம வெயில்ல நிறம் நிக்கும். ஹார்ட்ஸ் கம்பெனியோட ஸ்டேஃபாஸ்ட், ட்வில்ஃபாஸ்ட், அப்புறம் ஜெர்மன் வண்டிகள்ல வர்ற சோனன்லாண்ட், இதெல்லாம் இந்த வகை. கடைக்காரர் காட்டுற துண்டோட ஓரத்தை நகத்தால பிரிச்சுப் பாருங்க. நடுவுல கறுப்பு ரப்பர் தெரியணும். லாரி கேன்வாஸ்ல அது இருக்காது. கேன்வாஸ் மழையில சுருங்கும், வெயில்ல தளரும். மோட்டார்ல மடியற கூரைக்கு அது ஒத்தே வராது.

தையலையும் பாருங்க. அங்குலத்துக்கு 6, 7 தையல் போதும். நெருக்கிப் போட்டா ரப்பர்ல அத்தனை ஓட்டை, கடைசியில ஸ்டாம்ப் மாதிரி கிழியும். நைலான் நூல் வெயிலுக்கு ஆகாது. பாண்டட் பாலியஸ்டர் (இழை பிரியாம பூச்சு போட்டு ஒட்டின நூல்) இருக்கணும், கிடைச்சா பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) நூல் இன்னும் நல்லது, அதை வெயில் ஒண்ணும் பண்ணாது. கம்பெனி டாப்ல முக்கியமான இணைப்புகளைச் சூட்டுல ஒட்டியிருப்பாங்க, ஊசி ஓட்டையே வெளியில தெரியாது. உள்ளூர்ல தைக்கிறவர்கிட்ட, "தையலை உள்பக்கம் எதால அடைப்பீங்க?"ன்னு கேளுங்க. சீம் டேப், சீலர்னு ஏதாவது ஒரு பதில் வரணும்.

உங்க வண்டிக்கு என் அபிப்பிராயம், ரெடிமேட் டாப்தான். மினியில கூரையோட முன்பாதி முதல்ல சன்ரூஃப் மாதிரி பின்னால நகரும், அப்புறம்தான் மொத்தமும் மடியும். ரெண்டு விதமா அசையற துணியைக் கை அளவுல வெட்டித் தச்சுப் பொருத்துறது ரொம்பக் கஷ்டம். ஃப்ரேம் மாத்தணும்னு சொல்றவர்கிட்ட, எந்த இடத்துல வளைஞ்சிருக்கு, எந்தக் கீல்ல ஆட்டம்னு விரல் வெச்சுக் காட்டச் சொல்லுங்க. காட்ட முடியலைன்னா அது தேவையில்லாத செலவு.


ஃப்ரேம்_வேலை:

ஊசிநூல் சொன்னதோட உடன்படுகிறேன். மாட்டும் முறையை வரிசையாக எழுதுகிறேன். கடைக்காரர் இதில் எதைத் தாண்டிப் போகிறார் என்று பாருங்கள்.

பழைய துணியில் கை வைப்பதற்கு முன் அளவு எடுக்க வேண்டும். கூரை மூடியிருக்கும்போது முன் கண்ணாடிச் சட்டத்திலிருந்து முதல் வில், முதல் வில்லிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து பின் கண்ணாடி விளிம்பு என்று ஒவ்வொரு இடைவெளியையும் இடம், நடு, வலம் என மூன்று இடத்தில் அளந்து, மாஸ்க்கிங் டேப்பில் எழுதி அந்தந்த வில்லிலேயே ஒட்ட வேண்டும். வில் என்பது துணியைத் தாங்கும் குறுக்குக் கம்பி. இந்த வில்களை அவற்றின் இடத்தில் நிறுத்துவது துணிக்கு அடியில் ஓடும் நாடாப் பட்டைகள். பழைய பட்டை இழுபட்டு நீண்டிருக்கும். அதைப் பார்க்காமல் புதுத் துணியை ஒட்டினால் வில் தள்ளி நிற்கும், தண்ணீர் தேங்கும், 80 கி.மீ. வேகத்தில் கூரை பலூன் போல உப்பி அடித்துக்கொள்ளும். பட்டையை அதிகமாக இறுக்கினால் முன் பூட்டு எட்டாது. கடைசி ஒரு சாணில் திணறுகிறது என்கிறீர்களே, துணி சுருங்கியிருக்கலாம், ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்திருக்கலாம், பேட்டரி பலவீனமாகவும் இருக்கலாம். முதலில் இன்ஜினை ஓடவிட்டு மூடிப் பாருங்கள். திணறல் போய்விட்டால் பேட்டரியைச் சோதியுங்கள். போகாவிட்டால் பம்பின் எண்ணெய் அளவையும், சிலிண்டர் தண்டுகளில் கசிவு ஈரம் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கசியும் சிலிண்டரைச் சரிசெய்யாமல் புதுத் துணி போடக் கூடாது, எண்ணெய் துணியின் உள்பக்கத்தைக் கறையாக்கிவிடும்.

கழற்றும்போது கூரையைப் பாதி திறந்த நிலையில் நிறுத்த வேண்டிவரும். ஹைட்ராலிக் அழுத்தம் சில நிமிடத்தில் இறங்கி, கூரை தானாகக் கீழே சரியும். மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் உள்ளே கை விடுகிற ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வண்டியைப் பற்றி அப்புறம் பார்க்கலாம், அவர் விரல் போய்விடும்.

பின் கண்ணாடியின் ஹீட்டர் ஒயர் இரண்டு பக்கமும் கழற்றப்பட வேண்டும். கதவுக் கண்ணாடிக்கு மேலே துணியின் ஓரத்தில் ஒரு மெல்லிய எஃகுக் கேபிள் ஓடும், அதன் முனையில் ஸ்பிரிங் இருக்கும். துணியின் ஓரத்தை ரப்பரோடு ஒட்டிப் பிடிப்பது அதுதான். கடலோர வண்டியில் கேபிளின் முனை துருப்பிடித்து இழை இழையாகப் பிரிந்திருக்கும். அதைத் திருப்பி மாட்டாமல் புதிதாகவே போடச் சொல்லுங்கள். பிற்பாடு அறுந்தால் மறுபடி பாதிக் கூரையைக் கழற்ற வேண்டும், கூலி அப்படியே இரண்டு மடங்கு.

துணி போன பிறகு ஃப்ரேம் வெறுமையாக நிற்கும். வடசென்னை வண்டிக்கு இந்தக் கட்டம்தான் முக்கியம். பழைய பசையைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, துருவைத் தடுக்கும் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அடித்து, கறுப்புப் பெயின்ட் போட்டு, முழு ஒரு நாள் காயவிட வேண்டும். "ரெண்டே நாளில் முடிச்சுடலாம்" என்பதில் இந்த ஒரு நாள் இல்லை. துருவின் மேல் ஒட்டிய பசை, துருவோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். ஸ்டேப்ளர் பின்களும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். சாதாரண பின் போட்டால் ஓரம் முழுக்கப் பழுப்பு நீர்க்கோடு இறங்கும்.

புது டாப் பெட்டியில் மடிந்து வந்திருக்கும். அதை ஒன்றிரண்டு மணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டால் மடிப்பு தளரும். பிறகு துணியின் நடுவையும் ஃப்ரேமின் நடுவையும் சாக்பீஸால் குறித்து, கிளிப் போட்டு, பசையில்லாமல் ஒருமுறை முழுக்கப் பொருத்திப் பார்க்க வேண்டும். பூட்டை மூட வேண்டும், திறக்க வேண்டும், சுருக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். சுருக்கம் பின் மூலையை நோக்கிச் சாய்வாக ஓடினால் அந்த மூலையில் இழுவை அதிகம். குறுக்கே அலைபோல வந்தால் வில் தள்ளி நிற்கிறது. எல்லாம் சரியான பிறகுதான் பசை டப்பாவைத் திறக்க வேண்டும்.


ஜீப்_மாதவரம்:

ஒரு சின்ன விஷயம். தார், ஜிப்சி, பழைய ஜீப் வெச்சிருக்கிறவங்க மேல சொன்னதைப் படிச்சுப் பயப்பட வேணாம். நம்ம ஹூட் கையால கழட்டி மாட்டுறது. ஜிப், வெல்க்ரோ, பட்டன், வார்னு வேலையே வேற. நல்லாத் தார்ப்பாய் தைக்கிற கை இருந்தா மாதவரம், மூலக்கடை பக்கமே முடிச்சுக்கலாம், தப்பு வந்தாலும் பிரிச்சுத் தைக்கலாம். ஜன்னல் பிளாஸ்டிக் மட்டும் நல்ல தரமா வாங்குங்க, மட்டமானது வெயில்ல மஞ்சளாகி, மடிச்ச இடத்துல விரிசல் விடும். ஜீப் ஹூட் நல்லாப் போட்டுக் கொடுத்தார்ங்கிற ஒரே காரணத்துக்காக அதே ஆள்கிட்ட மினியைக் கொடுக்காதீங்க. கார் ஆக்சஸரி கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டுல கேட்டாலும் இதேதான். கடையோட பேரை விட்டுட்டு, மோட்டார் கூரை எத்தனை பண்ணியிருக்கார்னு கேளுங்க. பழைய வண்டி பாகம் விக்கிற புதுப்பேட்டையில பழைய கூரை ஃப்ரேம் கிடைக்கும்னு யாராவது சொன்னா, எலாஸ்டிக், கேபிளை அதுலருந்து எடுக்காதீங்க. அது ரெண்டும் புதுசாத்தான் போடணும்.


தண்டையார்பேட்டை_டிரைவ்:

ரொம்ப நன்றி. சொன்னபடி சோதிச்சுப் பார்த்தேன்.

எலாஸ்டிக்: ரெண்டு பக்கமும் இழுத்தா நீளுது, விட்டா திரும்பலை. இடப்பக்கம் உள்ள இருக்கிற ரப்பர் இழை பொடிப்பொடியா உதிருது.

இன்ஜின் ஓடும்போது மூடினா திணறல் இல்ல.

பின் சீட் ஈரம்: பொத்தல் ரெண்டையும் டேப் போட்டு அடைச்சு, குழாய்த் தண்ணியை மெதுவா விட்டேன். அப்பவும் உள்ள வருது. கூரை மடிஞ்சு உட்கார்ற பள்ளத்தோட மூலையில தண்ணி தேங்கி நிக்குது.

இன்னும் ரெண்டு கேள்வி. டாப் வந்து சேர எப்படியும் நாளாகும், அதுவரைக்கும் கண்ணாடியை ஒட்டி ஓட்டலாமா? மழை ஆரம்பிச்ச பிறகு வேலையைச் செய்யலாமா, இல்ல தை மாசத்துக்குத் தள்ளிப் போடணுமா?


ஊசிநூல்:

அந்த மூலையில தேங்குறது வடிகால் அடைப்பு சார். கூரை மேல விழுற தண்ணியை ஓரத்துல வாங்கி, உடம்புக்குள்ள குழாய் வழியா வண்டிக்கு அடியில விடுறதுக்கு வழி வெச்சிருப்பாங்க. இலை, மணல், எண்ணூர் பக்கத்து அனல் மின் நிலையச் சாம்பல் எல்லாம் சேர்ந்து சேறு மாதிரி அடைச்சிருக்கும். உங்க மாடலுக்கு வெளிவாய் எங்க இருக்குன்னு ரிப்பேர் மேனுவல்ல பார்த்துக்கிட்டு, கம்பி விடாம, மெல்லிய நைலான் ஒயரை விட்டு அசைச்சு எடுங்க. கம்பி விட்டா குழாய் உள்ளுக்குள்ள இணைப்புலருந்து கழண்டுக்கும், அப்புறம் தண்ணி நேரா கார்பெட்டுக்குத்தான் போகும். அதிக பிரஷர் காத்து அடிச்சாலும் அதே கதிதான். ஒயர் போய் வந்ததும் ஒரு லிட்டர் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. மேல தேங்காம அடியில கிட்டத்தட்ட முழுசும் வெளிய வரணும். இதைச் செய்யாம புது டாப் போட்டிருந்தா, "புதுக் கூரையும் ஒழுகுது"ன்னு கடைக்காரரோட சண்டைதான் வந்திருக்கும். அவர்மேல தப்பே இருந்திருக்காது.

கண்ணாடி. தற்காலிகமா ஒட்டலாம், ஆனா துணி சுருங்கி இழுக்கிறதாலதான் அது பிரிஞ்சிருக்கு. இழுவை அப்படியே இருக்கிறவரைக்கும் எந்தப் பசையும் நிரந்தரமில்ல. ஃபெவிகுயிக் மாதிரி உடனே கெட்டியாகிற பசையைத் தொடவே தொடாதீங்க. அது கண்ணாடி மாதிரி உறைஞ்சு, முதல் குலுக்கல்லயே உடையும், துணியில வெள்ளைக் கறையா நிக்கும். வின்ட்ஷீல்டு ஒட்டுற பாலியுரித்தேன் பசை, அதோட கறுப்பு பிரைமர், இதுதான் முறை. பழைய பசையை பிளேடால வழிச்சு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைச்சு, கண்ணாடி ஓரத்துக் கறுப்புப் பட்டைக்குள்ள மட்டும் பிரைமர் தடவி, பசை வெச்சு, ரெண்டு பக்கமும் மரப்பட்டை கொடுத்து கிளாம்ப் போடணும். அந்தக் கறுப்புப் பட்டை வெறும் அழகுக்கு இல்ல. வெயில் பட்டா பாலியுரித்தேன் கெட்டுப்போகும், பட்டை அதை மறைக்குது. இந்தப் பசை காத்துல இருக்கிற ஈரத்தை வாங்கித்தான் இறுகும், அதனால நம்ம ஊர்ப் புழுக்கம் இதுக்குக் கைகொடுக்கும். ஒரு முழு நாள் கிளாம்பை எடுக்காதீங்க. கூரையைக் கொஞ்சமா முன்னால தளர்த்தி வெச்சு ஒட்டினா இழுவை குறையும்.

பொத்தலுக்கு, அதே மூணடுக்குத் துணியில ஒரு துண்டு. ஓட்டையைவிடச் சுத்திலும் 3 செ.மீ. பெருசா, மூலையெல்லாம் வட்டமா வெட்டி உள்பக்கத்துலருந்து ஒட்டுங்க. முனை இருந்தா அங்கருந்துதான் பிரிய ஆரம்பிக்கும். ரெண்டும் ஒட்டினதுக்கு அப்புறம் டாப் வர்ற வரைக்கும் கூரையைத் திறக்கவே கூடாது. சுவிட்சைத் தெரியாம யாராவது தட்டிடுவாங்கன்னா ஒரு டேப் ஒட்டி வெச்சுடுங்க.

மழைக்காலம் பத்தி: டாப்பை ஃப்ரேம்ல பிடிக்கிறது கான்டாக்ட் பசை. ரெண்டு பரப்புலயும் தடவி, 10-15 நிமிஷம் ஆறவிட்டு, விரல்ல ஒட்டாத பதம் வந்ததும் ஒரே தடவையில ஒட்டணும். இந்தப் பசை ஆறும்போது அதோட மேல்பரப்பு குளிரும். ஐப்பசி, கார்த்திகையில காத்து ஈரமா இருக்கும்போது அந்தக் குளிர்ந்த பரப்புல பனி மாதிரி நீர் படிஞ்சு வெள்ளை பூக்கும். பார்த்தா ஒட்டின மாதிரியேதான் இருக்கும். மார்கழி தாண்டி முதல் வெயில்ல கூரை சூடாகும்போது முன் ஓரம் அப்படியே உரிஞ்சு வரும். அதனால மழை தொடங்கிட்டா, நாலு பக்கமும் மூடி ஏசி இருக்கிற அறை உள்ள கடையா இருந்தா மட்டும் கொடுங்க. திறந்த ஷெட்னா தை வரைக்கும் தள்ளுங்க, அதுவரைக்கும் ஒட்டுத் துணியும் நல்ல வெளிக் கவரும் போதும். பசை டப்பாவையும் கேட்டு வாங்கிப் பாருங்க. அதிக வெப்பம் தாங்கும்னு டப்பாவுல போட்டிருக்கணும். செருப்புக் கடைப் பசை நம்ம சித்திரை வெயில்ல, கறுப்புக் கூரைக்கு அடியில திரும்ப இளகிடும்.


எண்ணூர்_சாலை:

டாப் மாத்தின பிறகு பராமரிப்பு பத்தி யாரும் எழுதல, அதனால நான் எழுதறேன். இந்தப் பக்கம் கூரைக்கு வில்லன் ரெண்டு: உப்பு, சாம்பல். அத்திப்பட்டு அனல் மின் நிலையப் பக்கத்துலருந்து வர்ற சாம்பல் பார்க்கத்தான் பவுடர் மாதிரி இருக்கும், தொட்டா நறநறன்னு இருக்கும். அது மேல தண்ணி ஊத்தி பிரஷ் போட்டா உப்புக் காகிதம் வெச்சுத் தேய்க்கிற மாதிரிதான். முதல்ல காஞ்ச நிலையில, மெல்லிய முடி பிரஷ் வெச்சு வேக்குவம் பண்ணுங்க. அப்புறம் நல்ல தண்ணி, காரம் இல்லாத ஷாம்பு, நெசவு ஓடுற திசையிலயே பிரஷ். போர் தண்ணி உப்பா இருந்தா கடைசியா ரெண்டு பக்கெட் மெட்ரோ வாட்டர் ஊத்தி அலசுங்க, இல்லேன்னா காஞ்சதும் வெள்ளைத் திட்டு நிக்கும்.

பிரஷர் வாஷரைத் துணிக்கிட்ட கொண்டு போகவே வேணாம், தையல் வழியா தண்ணி உள்ள போறதோட மேல் நெசவையும் பஞ்சாக்கிடும். ப்ளீச், டயர் பாலிஷ், சிலிக்கான் ஸ்பிரே எதுவும் கூடாது. துணி முழுசாக் காஞ்சதும் ஃபுளோரோபாலிமர் வகை துணிக் காப்பு ஸ்பிரே அடிங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை. தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடலைன்னா அடுத்த தடவைக்கு நேரம் வந்தாச்சுன்னு அர்த்தம். ஈரத்தோட கூரையை மடிக்காதீங்க. ஒரே ராத்திரி போதும், உள்துணியில பூஞ்சை புள்ளி புடிச்சா அது போகவே போகாது.


ஃப்ரேம்_வேலை:

எஸ்டிமேட் வாங்கும்போது மொத்தமாக ஒரு தொகை எழுதி வாங்காதீர்கள். டாப், பின் கண்ணாடி டாப்போடு சேர்ந்ததா தனியா, உள் லைனிங், பக்கக் கேபிள் 2, எலாஸ்டிக் ஜோடி, நாடாப் பட்டை, முன் ரப்பர், ஃப்ரேம் துரு வேலை, பசை, கூலி என்று ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்க வேண்டும். எலாஸ்டிக்கும் நாடாப் பட்டையும் அந்தத் தாளில் இல்லையென்றால் அவற்றை மாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. வாரன்டியும் இரண்டு விதம். துணிக்குத் தயாரிப்பாளர் தருவது வேறு, மாட்டிய வேலைக்குக் கடை தருவது வேறு. துணியில் குறை என்று தெரிந்து புது டாப் வந்தால் அதைத் திரும்ப மாட்டும் கூலி யாருடையது என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள், பின்னால் தகராறு வருவது அங்கேதான். இன்ஷூரன்ஸை நம்ப வேண்டாம். தேய்மானத்துக்கும் பழசானதற்கும் அது பணம் தராது.

டாப்பை ஆர்டர் செய்யும்போது சேஸிஸ் எண்ணின் கடைசி 7 இலக்கத்தைக் கொடுத்து ஆர்57க்கு உரியதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முந்தைய ஆர்52 டாப்பும் இணையத்தில் பக்கத்திலேயே கிடக்கும். பெட்டி வந்ததும், வண்டியில் கை வைப்பதற்கு முன்பே பிரித்து, பின் கண்ணாடி ஹீட்டரின் இரண்டு முனையிலும் மல்ட்டிமீட்டர் வைத்து இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றால் யார் தவறு என்று நிரூபிக்க முடியாது. பழைய டாப்பைத் தூக்கிப் போட விடாதீர்கள். வேலை முடியும்வரை அளவுக்கு அதுதான் ஆதாரம்.

கடையைத் தேர்ந்தெடுக்க, அவர் போன வாரம் முடித்த வண்டியைப் பார்த்துப் பயனில்லை. புது டாப் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் பார்த்த ஒரு வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்து, கதவுகளைச் சாத்தி, வெளியில் நல்ல வெயில் இருக்கும்போது கூரையை அண்ணாந்து பாருங்கள். தையலில் ஊசிமுனை அளவு வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது. முன் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போங்கள். பசை விட்ட இடம் காகிதம் போலச் சரசரக்கும்.

உங்கள் வண்டியை வாங்கும் நாளன்று அவசரப்பட வேண்டாம். ஒட்டி முடித்து 48 மணி நேரமாவது கூரை மூடியே இருந்திருக்க வேண்டும், அதற்கு முன் திறந்து காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றியிருப்பார்கள், அதனால் சுவிட்சை ஒரே தடவை தட்டினால் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஏறி இறங்கும் இயக்கத்தைத் திரும்பப் பழக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூரை அசையும்போது கண்ணாடி சற்றுக் கீழே இறங்கி வழிவிட வேண்டும், இறங்காவிட்டால் புது ரப்பரை உரசும். தண்ணீர்ச் சோதனை கீழிருந்து மேலே: முதலில் கதவுக் கண்ணாடியின் அடி ஓரம், பிறகு பின் மூலைகள், அப்புறம் கண்ணாடி விளிம்பு, கடைசியாகத்தான் கூரை. மேலே முதலில் ஊற்றினால் எங்கே ஒழுகினாலும் எல்லா இடத்திலும் ஒழுகுவது போலத் தெரியும். சாதாரண ஹோஸ், அழுத்தமில்லாமல், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம். உள்ளே ஒருவர் டார்ச்சும் டிஷ்யூ பேப்பருமாக உட்கார வேண்டும். ஈரம் பட்ட டிஷ்யூ உடனே நிறம் மாறும், கண்ணுக்குத் தப்பும் கசிவும் அதில் தெரியும்.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு மூன்று முறை முழுக்கத் திறந்து மூடச் சொல்லுங்கள். முதல் முறை வெளியே நின்று பக்கவாட்டில் பாருங்கள். துணி உள்பக்கமாக மடிகிறதா, கீல் பக்கம் பிதுங்குகிறதா என்று உங்கள் பழைய பொத்தல் இருந்த இடத்திலேயே கண்ணை வையுங்கள்.